படியும் போலியும்: சிற்பங்களுக்கு எண்முறைப் பிரதி எடுத்தல் பற்றி

டில்லியின் தென்பகுதியில் முனிர்கா என்றோர் ஊர் உண்டு. ஒரு காலத்தில் வயல் சூழ்ந்த கிராமமாக இருந்து, இன்று மாநகரத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்ட ஊர் அது. அதன் தெற்கே ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். கிழக்கே இந்தியத் தொழில்நுட்பக் கழகம். வடக்கே அரசாங்க ஊழியர் வாழும் இராமகிருஷ்ணபுரம். ஊரையொட்டி லோதி மன்னர் காலத்துக் கும்மட்டங்கள் சில நிற்கின்றன. சற்றுத் தள்ளி, இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல், டில்லித் தமிழர் முயன்று எழுப்பி 1973-ஆம் ஆண்டிற் குடமுழுக்குச் செய்த சுவாமிநாத சுவாமி கோயில் உள்ளது. வடநாட்டார் அதனை 'மலை மந்திர்' என்பர். முருகன் சந்நிதி சோழர் பாணியையும், பின்னர் எழுந்த மீனாட்சி, சுந்தரேசுவரர் சந்நிதிகள் மதுரைப் பாண்டியர் பாணியையும் தழுவியவை. காவிரிக்கரைச் சுவாமிமலையை யமுனைப் பக்கத்தில் மீண்டும் நாட்டிய அம்முயற்சி ஒரு வகையிற் பிரதி செய்தலே ஆகும். அளவுநூலும் கைப்பழக்கமும் துணையாகச் செய்த பிரதி அது. அதனைப் போலி என்று எவரும் சொல்லார்.

அதே வட்டாரத்தில் இன்னொரு வகைப் பிரதிமுறையும் வளர்ந்துவருகிறது. கல்லையோ செம்பையோ தொடாமல், ஒளியாலும் கணிப்பொறியாலும் ஒரு சிற்பத்தின் வடிவத்தை எண்களாக வாங்கி, அவ்வெண்களைக் கொண்டு வேறோர் ஊரில், வேறொரு பொருளில், அதே வடிவத்தை மறுபடி ஆக்கும் முறை அது. மத்திய அரசாங்கத்தின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை, ஹம்பியை முதற்களமாகக் கொண்டு நடத்திய இந்திய எண்முறை மரபுத் திட்டத்தில் டில்லித் தொழில்நுட்பக் கழகமும் பிற நிறுவனங்களும் பங்குகொண்டன. அவ்வுழைப்பின் பயன் 2020-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் டில்லி தேசியப் பொருட்காட்சிச்சாலையிற் கண்காட்சியாக வைக்கப்பட்டது. ஹம்பி, கொனாரக், தாஜ்மகால் முதலிய பெருஞ்சின்னங்களின் சிறு உருவங்களை மக்கள் வியந்து பார்த்தனர். வியப்புக்குரிய காரியந்தான். எனினும் ஆயிரமாயிரம் பேர் நாள்தோறும் காணும் தாஜ்மகாலைவிட, பூட்டிய கருவறையில் ஒற்றை விளக்கின் கீழ் நிற்கும் சிற்றூர்ச் செப்புத் திருமேனிக்கு இக்கருவி பன்மடங்கு தேவை. இதனைத் திட்டமிடுவோர் இன்னும் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

முதலில் முறையை விளக்கிக்கொள்வது நல்லது. அடிப்படை மிகப் பழையது. பள்ளி மாணவர் அறிந்த முக்கோணமே அது. ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால் மூன்றாம் முனை எங்குளது என்பது தெரிந்துவிடும். 1802-ஆம் ஆண்டில் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் நில அளவைக்கும் இதுவே அடிப்படை. (அவருடைய கனத்த கோணமானி 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றப்படும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதிப் பழுதுற்றது. சிற்பங்களின் அருகே கருவிகளைக் கொண்டுசெல்வோர் இன்றும் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி இது.) லேசர் வருடுகருவி ஒரு முனையிலிருந்து மெல்லிய ஒளிக்கற்றையைச் சிற்பத்தின்மேல் வீழ்த்துகிறது. சற்று விலகி நிற்கும் கண்ணாகிய காமிரா அவ்வொளிப்புள்ளியைக் காண்கிறது. ஒளி புறப்பட்ட இடம், காமிரா நிற்கும் இடம், புள்ளி விழுந்த இடம் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணம். இவ்வாறு இலட்சக்கணக்கான, கோடிக்கணக்கான புள்ளிகளின் இருப்பிடம் கணக்கிடப்பெற்று, அவை சிறு சிறு முக்கோணங்களாகப் பின்னப்படும்போது சிற்பத்தின் தோல் போன்றதொரு வடிவம் கணிப்பொறியில் எழுகிறது.

இரண்டாவது முறைக்கு லேசரும் வேண்டியதில்லை. ஒரு சிற்பத்தைச் சுற்றிச் சுற்றி, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் விழுமாறு நிழற்படங்கள் எடுத்தாற் போதும். இரு கண்களால் நாம் ஆழத்தை உணர்வதுபோல, கணிப்பொறி அப்படங்களை ஒப்பிட்டு ஆழத்தைக் கணக்கிட்டுவிடும். சாதாரணக் கைப்பேசிக் காமிராவே இதற்குப் போதும் என்னும் நிலை இன்று வந்துவிட்டது. களப்பணியாளருக்கு இம்முறையே பெரிதும் பயன்படுவது. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: சிற்பத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுக்க வேண்டும். அளவுகோல் இல்லாத படங்களிலிருந்து கிடைக்கும் உருவம் வடிவில் ஒத்திருப்பினும், அது ஓரடிச் சிலையா நாலடிச் சிலையா என்பதைக் கணிப்பொறி அறியாது.

இம்முறைகளுக்குத் தொல்லை தரும் பொருள்களும் உண்டு. பளபளக்கும் செம்பு ஒளியைக் கண்டபடி சிதறடிக்கும். எண்ணெய்க்காப்பு ஏறிய கருங்கல் ஒளியை விழுங்கிவிடும். சலவைக்கல்லில் லேசர் ஒளி சிறிது உள்ளே புகுந்து பரவுவதால் அளவு மயங்கும். தொழிற்சாலைகளில் இத்தகைய பொருள்களின்மேல் வெண்பொடி தூவி அளப்பர். வழிபாட்டிலுள்ள திருமேனிக்கு அது பொருந்தாது. நடராசரின் திருவாசிக்கும் விரிசடைக்கும் இடைப்பட்ட சந்துகள், முயலகனின் கீழ்ப்புறம் முதலிய மறைவிடங்களை எட்டுவதற்குப் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். திருமஞ்சனத்திற்கு ஆடையும் மாலையும் களையும் வேளையே அளப்பதற்கு ஏற்ற வேளை. அதற்கு அர்ச்சகரின் இசைவும் அறநிலைய அதிகாரிகளின் அனுமதியும் முன்னதாகவே வேண்டும்.

அளந்த வடிவத்தைப் பொருளாக்கும் வழிகளைச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். பிசினையோ பொடியையோ மெல்லிய அடுக்கின்மேல் அடுக்காகப் படியவைத்து உருவாக்குவது ஒன்று. கல்லையோ மரத்தையோ சுழலும் உளி பூட்டிய இயந்திரக் கை செதுக்கிக் கழிப்பது மற்றொன்று. மெழுகில் அச்சிட்டு, அம்மெழுகைக் கருவாகக் கொண்டு உலோகம் வார்ப்பதும் உண்டு. இயந்திரக் கை செதுக்கிய கல்லுக்கு இறுதி மெருகைப் பெரும்பாலும் மனிதக் கைதான் இன்றும் தருகிறது.

சிற்பங்களுக்குப் படியெடுக்கும் ஆசை புதிதன்று. சாஞ்சியிலுள்ள பெருந்தூபியின் கீழைத் தோரணவாயில் இரண்டாயிரம் ஆண்டு பழமையானது. 1869-70-ஆம் ஆண்டுகளில் ஹென்றி ஹார்டி கோல் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, லண்டன் சௌத் கென்சிங்டன் பொருட்காட்சிச்சாலைக்காக அதன்மேல் நேரடியாக அச்செடுத்தார். வாயிலின் உயரம் பத்து மீட்டர். துண்டு துண்டாக எடுத்த அச்சுகளிலிருந்து பாரிஸ் சாந்தில் முழு வாயிலும் வார்க்கப்பட்டு, அதன் படிகள் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றுக்குச் சென்றன. பெர்லினுக்குச் சென்ற படி 1886 முதல் அங்குள்ள மனித இனப் பொருட்காட்சிச்சாலையில் வைக்கப்பட்டிருந்தது. எஞ்சிய பகுதியைக் கொண்டு 1970-ஆம் ஆண்டில் செயற்கைக் கல்லில் ஒரு படி ஆக்கினர். பிறகு, நம் காலத்தில், அப்பழைய சாந்துப் படியின் வழிவந்த வடிவை முப்பரிமாணத்தில் வருடி, இயந்திரக் கைகளைக் கொண்டு மணற்கல்லிற் செதுக்கி, ஜெர்மானியச் சிற்பிகளும் இந்தியச் சிற்பிகளும் மூலத்தின் பெரிய நிழற்படங்களைப் பார்த்து முடித்துவைத்த வாயில், 2022-ஆம் ஆண்டு இறுதியில் பெர்லின் ஹும்போல்ட் மன்றத்தின் முன் நிறுவப்பட்டது.

இந்த வாயிலின் வரலாறு ஆழ்ந்து எண்ணத்தக்கது. பெர்லின் வாயில் சாஞ்சியின் பிரதியன்று. சாஞ்சியின் பிரதியினது பிரதி. ஆயினும் அதிற் குறையொன்றும் இல்லை. காரணம், அதன் பிறப்பு முழுவதும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. எவர், எந்த ஆண்டில், எதிலிருந்து எடுத்தார் என்பது யாவர்க்கும் தெரியும். வாயிலின் கீழ் நிற்கும் பெர்லின் சிறுவன் தான் காண்பது படி என்பதை அறிந்தே காண்கிறான். மூலமும் சாஞ்சியில் தன் இடத்தில் தானே நிற்கிறது. சாந்து அச்செடுக்கும்போது மூலத்தின்மேல் ஒட்டியிருக்கும் பழைய வண்ணமும் நுண்துகள்களும் உரிந்துவரக்கூடிய அபாயம் எப்போதும் உண்டு. ஒளியால் அளக்கும் புதுமுறைக்கு அந்த அபாயம் இல்லை. இவ்வளவில் விஞ்ஞானம் சிற்பத்துக்குச் செய்த உதவி பெரிது.

இனி இதன் மறுபக்கம். தஞ்சை மாவட்டத்தில், கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில், 1951-ஆம் ஆண்டு நிலத்தினின்றும் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. அவற்றுள் சிறந்தது பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடராசர். ஊர்க்கோயிலில் வைக்கப்பட்ட அத்திருமேனிகள் 1954-இல் செப்பனிடும் பொருட்டுச் சிற்பி ஒருவரிடம் அனுப்பப்பட்டன. கோயிலுக்குத் திரும்பியவை புதிதாகச் செய்த படிகள். மூலங்கள் கைமாறின. ஊரார் படியை மூலமென்றே எண்ணி வணங்கிவந்தனர். பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், முற்சோழர் செப்புச் சிலைகளைப் பற்றி 1965-இல் வெளியிட்ட நூலில், கோயிலில் இருப்பது மூலமன்று என்பதை வெளிப்படுத்தினார். அதற்குப் பிறகும் மூலம் கடல் கடந்து, 1973-இல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. இந்திய அரசாங்கம் வழக்குத் தொடுத்து, 1976-இல் உடன்பாடு கண்டு, பத்தாண்டுக் காலம் அங்குக் காட்சிக்கு வைத்த பின்னரே, 1986-இல் திருமேனி திரும்பிற்று.

சிவபுரத்தில் திருட்டுக்குத் துணைநின்றது சுவரேறும் ஏணியன்று, நல்லதொரு பிரதி. பிரதி சுமாராக இருந்திருந்தால் அர்ச்சகர் கண்டுபிடித்திருப்பார். கைவேலையால் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இது இயன்றதென்றால், கால் மில்லிமீட்டர் பிசகாத கருவி எல்லார் கையிலும் கிடைக்கும் காலத்தில் எவ்வளவு எளிதாக இயலும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. முன்னெல்லாம் அச்செடுத்து வார்த்த போலியைக் கண்டுகொள்வதற்கு ஒரு வழி இருந்தது. உருகிய செம்புக் கலவை ஆறும்போது நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு சுருங்கும். ஆகவே மூலத்தின்மேல் அச்செடுத்து வார்த்த சிலை மூலத்தைக் காட்டிலும் சற்றுச் சிறியதாக இருக்கும். அளவெடுத்து ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். எண்முறையில் அச்சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வடிவத்தைப் பெருக்கிக்கொள்ளலாம் ஆதலின், அந்தச் சான்றும் இனி உறுதியாகக் கிட்டாது.

ஆகவே கருவியைத் தள்ளிவிட வேண்டுமா? அவ்வாறு கூறுவோரும் உளர். அவர் கூற்று ஏற்கத்தக்கதன்று. ஏனெனில் அதே கருவிதான் களவுக்கு மருந்துமாகும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பூசையற்றுக் கிடந்த சோழர் கோயிலிலிருந்து 2006-இல் நடராசர் திருமேனி களவு போயிற்று. களவு வெளிப்பட்டது 2008-இல், அதிகாரிகள் திருமேனிகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றச் சென்றபோதுதான். அதே ஆண்டில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதனைச் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அது ஸ்ரீபுரந்தானுக்குரியது என்பதை நிலைநாட்ட உதவியவை, 1955-இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1994-இல் அக்கோயிலில் எடுத்துவைத்திருந்த நிழற்படங்கள். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் கற்சிற்பத்துக்கும் அந்நிறுவனம் 1974-இல் எடுத்த படமே சாட்சி. 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் இரண்டையும் டில்லியில் நம் பிரதமரிடம் ஒப்படைத்தார். ஆராய்ச்சிக்காக என்றோ எடுத்த ஒரு கறுப்புவெள்ளைப் படம் கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான திருமேனியை மீட்டதென்றால், எல்லாப் பக்கமும் அளந்த முழு வடிவம் எவ்வளவு வலிய சான்றாகும்!

உலக அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. ஆப்கானிஸ்தானத்துப் பாமியானில் 2001-ஆம் ஆண்டு மார்ச்சில் தகர்க்கப்பட்ட மாபெரும் புத்தர் சிலைகளின் வடிவத்தைச் சூரிச் தொழில்நுட்பக் கழகத்தார் கணிப்பொறியில் மீட்டது 1970-இல் எடுக்கப்பட்ட அளவைப்படங்களிலிருந்து. பாரிஸ் நோத்ர தாம் ஆலயம் 2019-இல் தீப்பற்றியபோது, அதற்குப் பல ஆண்டு முன்பே ஒரு கலைவரலாற்றுப் பேராசிரியர் லேசரால் அளந்துவைத்திருந்த புள்ளிக்கணக்கு திருப்பணியாளருக்குக் கைகொடுத்தது. அழிந்தபின் அளக்க முடியாது என்பதைச் சொல்ல இவ்வெடுத்துக்காட்டுகளே போதும்.

எனவே முதற்கடமை அளந்துவைத்தல். பிரதி செய்தல் அதற்குப் பின்னரே. இன்று நடப்பது பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது. பிரதி கண்ணுக்குத் தெரியும், திறப்புவிழாவுக்கு உதவும். அளவைப் பதிவு பெட்டிக்குள் கிடப்பது. ஆகவே பணம் பிரதியின் பக்கமே ஓடுகிறது.

பிரதியைப் போலியாகாமற் காக்கும் வழியை நம் முன்னோர் அறியாதவரல்லர். ஓலைச்சுவடி உலகத்திற் படியெடுத்தல் இழிவான தொழிலாக இருந்ததில்லை. ஏடு சிதைவதற்குமுன் அதனைப் பெயர்த்தெழுதியவர் நூலை வாழவைத்தவர். அவர் சுவடியின் இறுதியில் ஆண்டும் மாதமும் நாளும் குறித்து, இன்னார் ஏட்டைப் பார்த்து இன்னார் எழுதியது என்றும் பல வேளை எழுதிவைத்தார். அந்த ஒரு வரி இருக்கும்வரை அது படி. அந்த வரியை மறைத்துப் பழைய ஏடென விற்றால் அது போலி. பிரதி, படி, நகல், போலி என்று தமிழில் வழங்கும் சொற்களுள் முதல் மூன்றுக்கும் கடைசிச் சொல்லுக்கும் உள்ள வேற்றுமை பொருளின் தரத்தில் இல்லை. சொல்லப்பட்ட உண்மையில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பலர் நான்கையும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக எழுதிவிடுகின்றனர்; அது மயக்கத்துக்கு இடந்தரும்.

ஆதலின், வழிபாட்டிலுள்ள அல்லது தொல்பொருளாக உள்ள எந்தச் சிற்பத்துக்கும் முழு அளவில் படியெடுத்தால், அதன் பீடத்தில், தூக்கிப் பார்க்காமலே தெரியும் இடத்தில், அழிக்க இயலாதபடி ஆழமாக, 'படி' என்னும் சொல்லும், ஆண்டும், செய்தவர் பெயரும், மூலம் இருக்கும் ஊரும் வார்க்கப்படவேண்டும். ஒட்டுச்சீட்டும் வண்ணப்பூச்சும் போதா. விற்பனைக்குச் செய்யும் படிகள் மூலத்தின் அளவிலேயே இருத்தலும் தேவையற்றது. முக்காலோ பாதியோ போதும். இதற்குச் சட்டத்தின் பின்பலம் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம் நூறாண்டு கடந்த சிற்பங்களின் ஏற்றுமதியைத் தடுக்கிறது. புதுக் கைவினைப் பொருளைத் தடுப்பதில்லை. இந்தச் சந்துவழியாகவே, மெய்யான பழந்திருமேனிகள் 'புதுக் கைவினைப் பொருள்' என்னும் சீட்டோடு துறைமுகங்களைக் கடந்தன. பழையது புதியதெனப் போகிறது. புதியது பழையதெனக் கோயிலில் நிற்கிறது. துறைமுகத்திற் சோதிக்கும் அலுவலர் கையில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அளவைப் பதிவு இருந்தால் இவ்வித ஏமாற்று எளிதில் நடவாது.

அடுத்து, ஒரு யோசனை அவ்வப்போது காதில் விழுகிறது. ஊர்க்கோயிலில் பாதுகாப்பில்லை, ஆகவே மூலத்தைத் திருவாரூர் முதலிய இடங்களிலுள்ள திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் வைத்துக்கொண்டு, குற்றமற்ற எண்முறைப் படியை ஊருக்குக் கொடுத்துவிடலாம் என்பது அது. கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த யோசனையை ஒப்புக்கொள்வதற்கில்லை. பாதுகாப்பு மையத்துக்குத் திருமேனி சென்றது தற்காலிகமாக. அறையும் பூட்டும் காவலும் அமைந்தபின் ஊருக்குத் திரும்பும் என்ற எண்ணத்தில்தான் ஊரார் இசைந்தனர். நல்ல படியொன்று ஊரில் நின்றுவிட்டால், மூலத்தைத் திருப்புவதற்கு எந்த அலுவலகத்துக்கும் அவசரம் இராது. பத்தூர் நடராசர் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி 1991-இல் இந்தியாவுக்கு வந்தார். ஆனால் வந்தடைந்தது திருவாரூர் மையத்தின் அறையையே. வழக்கில் வென்றது பத்தூர்க் கோயிலின் உரிமை. திருமேனிக்கும் ஊருக்கும் உள்ள உறவே அங்குச் சட்டத்தின் முன் நின்று வென்றது என்பதை மறக்கலாகாது. ஊருக்குப் படி, பெட்டகத்துக்கு மூலம் என்னும் ஏற்பாடு, சிவபுரத்தில் களவாக நடந்ததைக் கோப்பின் வழியே நடத்துவதாக முடியும்.

ஸ்ரீபுரந்தானைப் போன்ற ஆளரவமற்ற கோயில்களின் நிலை வேறு என்பது உண்மை. அத்தகைய இடங்களில் மூலத்தை மாற்றிவைப்பது தவிர்க்க இயலாதது. ஆனால் அங்கும் அளவைப் பதிவின் ஒரு படியை ஊராட்சியிடமும் உள்ளூர்ப் பள்ளியிடமும் கொடுத்துவைக்கலாம். தம் ஊர்த் திருமேனி எப்படி இருக்கும் என்பதையே அறியாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டால், அது காணாமற் போனாலும் கேட்பார் இல்லை.

படிகள் போகவேண்டிய இடம் பள்ளியும் பொருட்காட்சிச்சாலையும். இங்கு அவற்றின் பயன் அளவிறந்தது. டில்லி தேசியப் பொருட்காட்சிச்சாலையில் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் 'அனுபவ்' என்னும் கூடம் திறக்கப்பட்டது. பார்வையற்றோர் கையால் தடவி அறிவதற்கென்றே 22 பொருள்களின் படிகள் அங்கு வைக்கப்பட்டன. கண்ணுள்ள மாணவரும் தொட்டுப் பார்த்தே கற்கவேண்டியவை சிற்பத்தில் பல உண்டு. இடுப்பின் வளைவையும் விரலின் முத்திரையையும் பாடநூலின் மங்கலான படம் உணர்த்தாது. ஆசிரியர் மாவட்டப் பொருட்காட்சிச்சாலையைக் கேட்டு, ஒரு கையளவுப் படியை வகுப்புக்குக் கொண்டுவர இயலும் நிலை உண்டாகவேண்டும். அத்தகைய கையளவுப் படிகளுக்கான வடிவக்கணக்கை எல்லாப் பள்ளிகளுக்கும் விலையின்றித் தரலாம். முழுநுட்பம் கொண்ட கணக்கைத் தொல்பொருள் துறையும் அறநிலையத் துறையும் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். 1998-99-இல் அமெரிக்க ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் இத்தாலியில் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையைக் கால் மில்லிமீட்டர் நுட்பத்தில் அளந்தபோது, அக்கணக்கை வாணிபத்துக்குப் பயன்படுத்தலாகாது என்னும் நிபந்தனையின் பேரிலேயே ஆராய்ச்சியாளருக்கு வழங்கினர். நம் திருமேனிகளை அளக்க வரும் நிறுவனம், உள்நாட்டதாயினும் வெளிநாட்டதாயினும், அளந்த கணக்கு எவருக்குச் சொந்தம் என்பதை முதல் நாளே எழுதித் தரவேண்டும். இதனைக் கேட்பதற்குக் களப்பணியாளர் தயங்குதல் கூடாது.

கணக்கைக் காப்பதிலும் கவலை வேண்டும். 1986-இல் பிரிட்டனில் பெரும்பொருட்செலவில் லேசர்த் தட்டுகளில் தொகுத்த ஊர்விவரங்களைப் பதினைந்தாண்டுக்குள் படிப்பதற்குக் கருவி கிடைப்பது அரிதாயிற்று. சோழர் செப்பேட்டைப் படிக்க இன்றும் கண் ஒன்றே போதும். ஆகவே எண்முறைப் பதிவோடு தாளில் அச்சிட்ட நான்கு பக்கப் படங்களும் அளவுகளும் கோப்பில் இருத்தல் நலம்.

சிற்பிகளைப் பற்றி ஒரு சொல். இயந்திரம் வந்துவிட்டால் சுவாமிமலைச் சிற்பிகள் என்னாவர் என்று அஞ்சுவோர் உண்டு. 2023-ஆம் ஆண்டில் டில்லி பிரகதி மைதானத்தின் பாரத மண்டபத்துக்கு முன் நிறுவப்பட்ட 27 அடி நடராசர், எட்டு உலோகக் கலவையில் சுவாமிமலைச் சிற்பிகள் வார்த்தது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து கரு செய்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றும் முறையில், வார்ப்பு முடிந்ததும் மண்ணச்சு உடைக்கப்படுகிறது. ஆதலால் ஒரு கருவிலிருந்து ஒரு திருமேனியே பிறக்கும். சிற்பி அடுத்த திருமேனிக்கு மீண்டும் தென்னை ஓலையை மடித்து அளவு குறித்துத் தொடங்குவார். அவர் செய்வது எந்தப் பழஞ்சிலையின் பிரதியுமன்று. வருடுகருவியோ தேய்ந்த மூக்கைத் தேய்ந்த மூக்காகவும், உடைந்த விரலை உடைந்த விரலாகவுமே தரும். ஆவணத்துக்கு அதுவே சரி. வழிபாட்டுக்குரிய புதுத் திருமேனிக்கு அது பொருந்தாது. இரண்டு தொழிலும் வேறு வேறு. கேடு வருவது, மெழுகில் அச்சிட்டு மலிவாக வார்த்த உருவங்கள் சுவாமிமலைக் கைவேலை என்னும் பெயரிற் சந்தையில் விலைபோகும்போதுதான். சுவாமிமலைச் செப்புத் திருமேனிகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதனைக் காக்கும் அலுவலர் இதனைக் கண்காணிக்கவேண்டும்.

வடிவம் ஒன்றே சான்றன்று என்பதும் நினைவிருக்கட்டும். பத்தூர் வழக்கில் சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் ஆராயப்பட்டது. உலோகக் கலவையின் விகிதம், எடை, பீடத்திலுள்ள எழுத்து, பழைய பழுது ஆகியவற்றை ஒளிக்கருவி முழுமையாகச் சொல்லாது. தராசும் நோட்டுப் புத்தகமும் அதனுடன் செல்லவேண்டும்.

1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்படி கோயில்கள் சொத்துப் பதிவேடு வைத்திருக்கின்றன. பல பதிவேடுகளில் திருமேனிகளைப் பற்றி 'நடராசர், செம்பு, ஒன்று' என்னும் அளவுக்கே குறிப்பு உள்ளது. அவ்வரியின் பக்கத்தில் உயரமும் எடையும், நான்கு திசை நிழற்படங்களின் எண்ணும், அளவைப் பதிவு உண்டாயின் அதன் குறியும், அளந்த நாளும், அளந்தவர் கையொப்பமும் ஏறவேண்டும். ஒரு வட்டாரத்தின் கோயில்களை இரண்டு பயிற்சி பெற்ற பணியாளரும், அளவுகோலும், தராசும், ஒரு காமிராவும் சில மாதங்களில் முடித்துவிட இயலும். திருவிழாக்காலத்தில் திருமேனிகள் வெளிவருவதால், பங்குனி, சித்திரை மாதங்கள் இதற்கு வசதியானவை.